வயர்ல மிச்சம் பிடிக்காதீங்க மக்கா!

நான் படிக்கிறது பி.காம். ரோபோவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. எஞ்சினியரிங் படிக்கிற கூட்டாளிகள் போட்டிக்கு ரோபோ செய்றாங்க, செலவுக் கணக்கு எழுதுறது நான். மோட்டாருக்குப் போற வயரை மெலிசா போட்டா காசும் மிச்சம், வெயிட்டும் மிச்சம்னு ஒரு யோசனை வந்துச்சு. காசு விஷயமாச்சே, உட்காந்து படிச்சேன்.

முதல்ல புரிஞ்சது: பிரேக்கர் முக்கியமா காப்பாத்துறது மோட்டாரை இல்ல, வயரை. அதனால ரெண்டையும் ஜோடியாத்தான் வாங்கணும். அமெரிக்காவில 1992-ல தொடங்கின 'ஃபர்ஸ்ட்' ரோபோ போட்டியோட விதியே அப்படித்தான். 40 ஆம்பியர் பிரேக்கருக்குக் குறைஞ்சது 12 கேஜ் வயர், 30-க்கு 14, 20-க்கு 18. கேஜ் நம்பர் ஏற ஏற வயர் மெலியும். நம்ம ஊர்க் கடையில சதுர மில்லிமீட்டர் கணக்கு. 12 கேஜ்னா சுமார் 3.3. அதனால 2.5 பத்தாது, 4 வாங்கணும்.

அந்தப் போட்டியில ரொம்ப காலமா ஓடின 'சிம்' மோட்டார், 12 வோல்ட்ல சுத்த முடியாம முட்டி நின்னா சுமார் 130 ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர் பிரேக்கர் உடனே விழாது. சூடேறித்தான் விழும். அதுவரைக்கும் வயர் தாங்கணுமே!

இப்ப நம்ம கணக்கு. போக வர 2 மீட்டர் வயர், 40 ஆம்பியர்னு வைங்க. 12 கேஜ்ல சூடாப் போறது சுமார் 17 வாட். 18 கேஜ்ல 67 வாட்! கூடவே 12 வோல்ட்ல 1.7 வோல்ட் வழியிலேயே காலி. மிச்சம் பிடிச்ச ரோபோ மெதுவாவும் ஓடும்.

வீட்டு எம்சிபியை அப்படியே மாட்டலாமான்னா, வேண்டாம். வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால உள்ள வர்ற பொறி சுலபமா அணையும். பேட்டரியோட டிசியில அந்த வசதி கிடையாது. டிசிக்குன்னு குறிச்சிருக்கிறதைத்தான் வாங்கணும்.

பிரேக்கர் அடிக்கடி விழுதுன்னு, அதே வயர்ல 20-ஐக் கழத்திட்டு 40 போடுறதும் தப்பு. பியூஸ் போனா தடிச்ச கம்பியைச் சுத்துற நம்ம ஊர் வைத்தியம்தான் அது. அப்புறம் பியூஸ் செய்ய வேண்டிய வேலையை வயர் செய்யும், தீயோட.

மிச்சம் பிடிச்சே ஆகணும்னா நீளத்துல பிடிங்க. பேட்டரியை மோட்டாருக்குப் பக்கத்துல வைங்க. வயர் பாதியானா செலவும் பாதி, சூடும் பாதி.