அரபியில் இருந்த சட்டம்

2016 செப்டம்பரில், காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழகப் பதிவெண் வண்டிகள் எரிந்தபோது, அத்திப்பள்ளி எல்லையைப் பெட்டியும் பிள்ளையுமாக நடந்தே கடந்து ஓசூருக்கு வந்தார்கள் பெண்கள். எல்லை தாண்டினால் குரலைத் தாழ்த்த எங்கள் ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

போன பருவத்தில் மாணவி ஒருத்தி, குவைத்துக்கு வீட்டுவேலைக்குக் கிளம்பும் அம்மாவின் ஒப்பந்தத்தைக் காட்டினாள். முழுக்க அரபி. அடியில் அம்மாவின் தமிழ்க் கையெழுத்து. "அந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கணும்னு ஏஜென்ட் சொன்னாரு மேடம்."

எந்தச் சட்டத்துக்கு? மூதூர் ரிசானா நபீக் 1988இல் பிறந்தவள். பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி 2005இல் சவுதிக்கு அனுப்பினார்கள். அவள் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்துபோனது. வழக்கறிஞர் இல்லாமலே வாக்குமூலம் வாங்கினார்கள். 2013 ஜனவரியில் தலையை வெட்டினார்கள். அவளுக்குப் புரியும் மொழியில் அந்தச் சட்டத்தை யார் சொன்னார்கள்?

குவைத்தில் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 2015இல் ஒரு சட்டம் வந்தது. வாரம் ஒருநாள் விடுப்பு. நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. ஏஜென்ட் இதையெல்லாம் சொல்லவில்லை (சொல்வாரா!). மூன்றையும் தமிழில் எழுதி, இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டோடு வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். கூடாது என்று சட்டம் இருந்தாலும் முதலில் அதைத்தான் வாங்கிக்கொள்வார்கள்.