வாட்ச் மேல் தப்பு இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆனால் கடைசி வரை படித்துவிடுங்கள். பணம் சம்பந்தப்பட்ட விஷயம், என் மானம் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

போன வாரம் என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, நம்ம 1994 அஞ்சாம் வகுப்பு குரூப்ல உங்களுக்குப் புது வாட்ச் வாங்க ஆளுக்கு ஆயிரம் ரூபா போடறாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பேச்சு. எனக்கு மனசு கேக்கல, சொல்லிட்டேன்" என்றான். எனக்கும் மனசு கேட்கவில்லை. அதற்குக் காரணம் வேறு.

2019 மே மாதம் நான் ஓய்வு பெற்ற அன்று அதே வகுப்பு மாணவர்கள் சால்வைக்குப் பதிலாக ஒரு வாட்ச் கட்டிவிட்டீர்கள். கார்மின் இன்ஸ்டிங்க்ட், 2018 கடைசியில் வந்த முதல் மாடல். "சார் மலை ஏறுவாரே, அதுக்கு ஏத்தது" என்று பெங்களூரில் இருப்பவர் தேடிப் பிடித்து வாங்கியது. கறுப்பு வெள்ளைத் திரை, 52 கிராம் எடை. நாடித் துடிப்பு பார்க்கும், காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும். ஏறிய பாதையைக் கோடாக வரைந்து வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போகவும் காட்டும். அதைக் கட்டிக்கொண்டு எத்தனை கிரிவலம் சுற்றியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

போன மாசியில் பர்வதமலைக்குப் போனேன், தனியாக. தென்மாதிமங்கலம் வழியாகக் காலை பத்தரைக்கு ஏற ஆரம்பித்தேன். மேலே மல்லிகார்ஜுனரைத் தரிசித்துவிட்டு, காற்று நன்றாக இருக்கிறதே என்று மூன்றரை வரை உட்கார்ந்துவிட்டேன். அந்த மலைக்குக் கடலாடியிலிருந்தும் ஒரு பாதை உண்டு. இரண்டும் மேலே சேர்ந்துவிடும். இறங்கும்போது பிரியும் இடத்தில் யோசிக்காமல் கால் போன பக்கம் போய்விட்டேன். வாட்சைப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். வாட்ச் இருண்டு கிடந்தது. போனிலும் சிக்னல் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். "ஐயா, இது கடலாடிக்குப் போற வழி. அந்தப் பக்கம் போகணும்னா திரும்ப மேல ஏறணும். இருட்டுல வேணாம், எங்கூடவே வந்துடுங்க" என்றார். ஆடுகளுக்குப் பின்னால் நடந்தேன். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளை வரிசையில் நடக்க வைத்தவன், அன்று ஆட்டு வரிசையில் கடைசி ஆளாக இறங்கினேன்.

அந்த நேரத்தில் மலைக்கு மறுபக்கம் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். வீட்டில் உங்கள் டீச்சரம்மா ஆறு மணிக்கே எல்லோருக்கும் போன் செய்ய ஆரம்பித்துவிட்டாள். மருந்துக் கடை வைத்திருக்கும் நம் மாணவர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, பைக்கில் தென்மாதிமங்கலம் போய், டார்ச்சை அடித்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏற ஆரம்பித்துவிட்டார். கடலாடிக்கு வந்து சிக்னல் கிடைத்து நான் போன் செய்தபோது மணி எட்டாகப் போகிறது. அவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். அவர் கால் வழுக்கியிருந்தால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்?

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் கேட்டார்கள். "பாதி வழியில வாட்ச் நின்னுபோச்சு. பழசாயிடுச்சு இல்லையா, பேட்டரி போயிடுச்சு" என்றேன். எல்லோரும் நம்பினீர்கள். அமெரிக்காவிலிருந்து மகன், "அப்பா, இன்ஸ்டிங்க்ட் 3 வந்திருக்கு, 450 டாலர், அனுப்பட்டுமா?" என்றான். நம் பணத்தில் ஏறக்குறைய நாற்பதாயிரம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் நீங்கள் வசூலே ஆரம்பித்துவிட்டீர்கள்.

சரி, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் பழையதைச் சோதித்துப் பார்ப்போம் என்று தோன்றியது. முழு சார்ஜ் போட்டு, ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டு, 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றினேன். டீ குடித்து, உட்கார்ந்து, நான்கு மணி நேரம். 100 இருந்தது 68 ஆனது. இனி நீங்களே போடுங்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். நான்கு மணிக்கு 32 என்றால் மணிக்கு 8. முழு சார்ஜுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். புதிதில் 16 மணி நேரம் என்று கம்பெனி சொன்னது. ஆறு வருடத்தில் பேட்டரிக்கு இந்த வயசு ஆகத்தான் செய்யும், எனக்கும் ஆகியிருக்கிறதே. பர்வதமலை ஏறி இறங்க ஒன்பது மணி நேரம் என்றாலும் 72 போதும். மீதி 28 இருக்கும்.

அப்படியானால் அன்று ஏன் நின்றது?

அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது சார்ஜ் 21 இருந்தது. பார்த்தேன். "போதும், பார்த்துக்கலாம்" என்று கட்டிக்கொண்டு போனேன். 21-ஐ 8-ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். உச்சிக்குப் போவதற்கு முன்பே அது நின்றிருக்கும். மேலே உட்கார்ந்தபோதே திரை இருண்டிருந்ததைப் பார்த்தவன்தான் நான். அப்படியும் மூன்றரை வரை உட்கார்ந்தேன்.

ஆக, பேட்டரி போகவில்லை. நான் சார்ஜ் போடவில்லை. பழி சொன்னால் திருப்பிப் பேசாத ஒன்றின் மேல் பழியைப் போட்டேன். வீட்டுப்பாடம் எழுதாமல் "நோட்டை மாடு தின்னுடுச்சு சார்" என்று சொன்னவர்களை நான் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். இன்று என்னை ஏற்றலாம்.

புது வாட்சைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல பொருள். அமோலெட் மாடலில் கலர் திரை பளிச்சென்று இருக்கிறது. ஓரத்தில் சின்ன டார்ச் வைத்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் சிக்னலை இரண்டு அலைவரிசைகளில் வாங்குவதால் பாறைச் சரிவிலும் இடம் இன்னும் துல்லியமாகக் காட்டும். தினம் கட்டிக்கொண்டிருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் சார்ஜ் நிற்கும். ஆனால் பழையதன் கறுப்பு வெள்ளைத் திரை உச்சி வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அது போதும். நான் தவறிய பாதை சில மீட்டர் தவறவில்லை, மலையின் ஒரு பக்கமே தவறியது. அதைச் சொல்லப் பழைய வாட்சே தாராளம்.

மகன் முக்கியமாகச் சொன்னது, விழுந்தால் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் வசதி. அது நல்ல வசதிதான். ஆனால் அந்தத் தகவல் போன் வழியாகத்தான் போகும். ஜிபிஎஸ் என்பது இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் சொல்வதை வாட்ச் கேட்டுக்கொள்வது மட்டும். கேட்பதற்கு டவர் வேண்டாம், நாம் பேசுவதற்கு டவர் வேண்டும். அன்று நான் நின்ற இடத்தில் டவர் இல்லை. நாற்பதாயிரம் ரூபாய் வாட்சும் என்னோடு சேர்ந்து அந்த ஆட்டு வரிசையில்தான் நடந்திருக்கும். அன்று என்னிடம் இல்லாதவை நான்கு: சார்ஜ், ஒரு டார்ச், துணைக்கு ஒரு ஆள், எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் புத்தி. எதற்கும் பெரிய செலவில்லை.

அதனால் என் முடிவு: இப்போதைக்கு வேண்டாம். இந்த வாட்ச் ஒரு மலைக்குத் தாங்காத நாள் வரும்போது என் பென்ஷனில் வாங்கிக்கொள்கிறேன். வசூலித்த பணத்தை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததும் குழுவில் ஒரு வரி போடுங்கள், நான் தங்கை மகனிடம் கேட்டுக்கொள்வேன். மருந்துக் கடைக்காரருக்கு, தம்பி, நேரில் வந்து சொல்ல வேண்டியதை இங்கே முதலில் சொல்கிறேன்: மன்னித்துவிடு. நாளைக் காலை கடைக்கு வருகிறேன்.

நேற்று இரவு டீச்சரம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் பயந்துகொண்டேதான் சொன்னேன். அவள் தோசைக் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "அன்னைக்கு ராத்திரியே தெரியும். சார்ஜர் வயரு அலமாரியில சுத்தி வெச்சது வெச்சபடி இருந்துது. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறாள்.

அடுத்த பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறேன். வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே சுற்றலாம். வாட்ச் சார்ஜில் கிடக்கிறது. இப்போது 94.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்