சண்டி

நம் புதுக்கவிதையில் யந்திரம் படுகிற பாட்டுக்கு அளவில்லை. அது அரக்கனாக வரும், மனிதனை விழுங்கும், நகரத்தின் குறியீடாக நின்று புகை கக்கும். கவிஞர் கட்சி மாறினால் அதே யந்திரம் விடியலைக் கொண்டுவரும். இரண்டு வகையிலும் அதற்கு ஒரு மூடி கிடையாது, ஒரு திருகாணி கிடையாது, எண்ணெய் கசியும் ஓர் இணைப்பு கிடையாது. இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று பெருமையாகச் சொல்லப்படுவதை 1937இல் செய்த பீளமேடு இருக்கும் கோயம்புத்தூரிலிருந்துதான் 1971இல் 'வானம்பாடி' புறப்பட்டது. அதில் பட்டறையின் சத்தத்தைவிட மேடையின் சத்தமே எனக்கு அதிகம் கேட்கிறது.

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கவலை ஓடியது. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, தோல்பறியில் தண்ணீர் மேலே ஏறும். பாதிச் சரிவில் படுத்துக்கொள்ளும் மாட்டுக்குச் சண்டி என்று பெயர். கவலை போய் ஆயில் எஞ்சின் வந்தபோது சொல் மட்டும் போகவில்லை. கிளம்பாத எஞ்சினும் சண்டியாயிற்று. குதிரைத்திறன் என்பதும் இப்படித்தான். தன் நீராவி யந்திரத்தை விற்பதற்காக ஜேம்ஸ் வாட் போட்ட குதிரைக் கணக்கு, குதிரையை ஏரில் பூட்டியே அறியாத அன்னூர்க் காடுகள் வரை வந்து சேர்ந்தது. புதிய பொருளைப் பழைய மிருகத்தின் பெயரால் அழைப்பது மொழியின் சுபாவம். அதில் ஒரு கெடுதலும் உண்டு. சண்டி என்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்தப் பொருளைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

எங்கள் தோட்டம் அன்னூர்ப் பக்கம். அங்கே சாளையில், அப்பாரு 1976இல் நிலவள வங்கிக் கடனில் வாங்கிய எஞ்சின் இருக்கிறது. மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் உருவாக்கிய மாதிரி. ராஜ்கோட் பட்டறைகள் அதையே வார்த்துச் செய்தன. ஒற்றை சிலிண்டர், இரு பக்கமும் இரண்டு கனத்த சக்கரங்கள், ஆறு குதிரை, நிமிஷத்துக்கு 650 சுற்று, 300 கிலோவுக்கு மேல் எடை. கடன் அடைந்து எத்தனையோ காலம் ஆகியும் டீசல் டாங்கியின் மேல் 'வங்கிக்கு ஈடு' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியது மங்கலாகத் தெரிகிறது. (வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.)

பனி பெய்யும் தேசங்களில் பனியில் ஓட்டும் மோட்டார் வண்டிகளைக் கோடை முழுவதும் கொட்டகையில் போட்டுவைத்து, முதல் பனி விழுந்ததும் எழுப்புவார்களாம். அங்கே எஞ்சின் உறங்குவது பருவத்தால். இங்கே மின்கட்டணத்தால். 1970இல் கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடியபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூவர் செத்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவை நகரத்தை மறித்து நின்றன. 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாயிற்று. அப்புறம் டீசல் வாங்கிக் காசைப் புகையாக்க யாருக்கு மனசு வரும்? எங்கள் எஞ்சின் படுத்தது. 2012இல் மின்வெட்டு நாளில் பாதிக்கு மேல் போனபோது எழுந்து சில மாதம் ஓடியது. மறுபடி படுத்தது.

சென்ற மாசியில் அதை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்துபோய், காயில் கட்டச் சித்தப்பாவுக்குப் பணம் வேண்டியிருந்தது. பழைய இரும்பு வியாபாரி கிலோவுக்கு இவ்வளவு என்றார். ஓடினால் அதைப்போல் மூன்று பங்கு தருவதாகச் சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் சொன்னார். இரண்டு விலைக்கும் நடுவே இருந்தது சிலிண்டருக்குள் படிந்த துரு மட்டும்தான்.

முதல் நாள் பங்காளிகள் மூன்று பேர் ஹேண்டிலில் தொங்கினார்கள். சக்கரம் அசையவில்லை. "சண்டிங்க இது. அப்பாரு கைக்குத்தான் அடங்கும்" என்றார் ஒருவர். செத்துப் பதினைந்து வருஷமான மனிதரின் கை! தேங்காய் உடைத்துப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். டிராக்டரில் கயிறு கட்டிச் சக்கரத்தை இழுக்கலாம் என்பது இளையவர் யோசனை. புரியாத கவிதைக்கு முன்னால் நம் விமர்சகர்கள் நிற்பதும் ஏறக்குறைய இப்படித்தான். பாதிப்பேர் தேங்காய், பாதிப்பேர் டிராக்டர்.

மறுநாள் சூலூரிலிருந்து வந்த மெக்கானிக்குக் கைலி, எழுபதை ஒட்டிய வயசு. ஹேண்டிலை அவர் தொடவே இல்லை.

"இரும்புக்கு ஏதுங்க தம்பி அடம்? காத்து, எண்ணெய், அமுக்கம். மூணுல எது இல்லீன்னு பாக்கோணும், அவ்வளவுதான்."

நாசிலைக் கழற்றினார். அந்தத் துளை வழியே டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றினார். பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, "நாளைக்கு வர்றனுங்க" என்று போய்விட்டார். அன்றைய வேலை அவ்வளவே. சித்தப்பாவுக்குக் கோபம், கூலி கொடுக்க வேண்டுமே. அடுத்த நாள் அவர் சக்கரத்தை முன்னால் தள்ளவில்லை. முன்னும் பின்னுமாக, விரற்கடை அளவுக்கு ஆட்டிக்கொண்டே இருந்தார். பிஸ்டன் வளையங்களைச் சிலிண்டர் சுவரோடு பிடித்துவைத்திருந்த துரு ஊறி, மாலைக்குள் சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்தது. முறுக்கியிருந்தால் வளையம் உடைந்திருக்கும் என்றார்.

டாங்கியில் பன்னிரண்டு வருஷத்து டீசல் கருத்துப் பிசினாகி வார்னிஷ் வாடை அடித்தது. அடியில் தண்ணீர். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிப் புது டீசல் விட்டார். ஆனால் புது டீசல் நாசில் வரை போகாது, வழியெல்லாம் காற்று. எண்ணெயை நெருக்கினால் அழுத்தம் ஏறும். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் அது பஞ்சு மாதிரி அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். பம்பின் திருகைத் தளர்த்தி, குமிழிகள் நிற்கும்வரை எண்ணெயை வெளியே விட வேண்டும். பிறகு நாசிலைச் சிலிண்டருக்கு வெளியே குழாயில் மாட்டிச் சோதித்தார். முதலில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பித்தளைக் கம்பியால் சுத்தம் செய்தபின் 'கிர்' என்ற சத்தத்தோடு ஊதுபத்திப் புகை போலப் பிரிந்தது. நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டார். அந்தத் தூவல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம்.

இதில் தீப்பொறி கிடையாது என்பதை அன்றுதான் எனக்கு உண்மையாகவே உறைத்தது. 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சினின் சாரம் இதுதான்: காற்றைப் பதினைந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கினால், நெருக்கத்தினாலேயே 500 டிகிரிக்கு மேல் சூடேறும், அதில் எண்ணெய்த் துகள் பட்டதும் எரியும். நெருக்குவது மெதுவாக நடந்தால் சூடு இரும்பில் இறங்கிவிடும், தேய்ந்த வளையம் வழியே காற்றும் நழுவிவிடும். வேகம் வேண்டும். அதே நேரம், நெருங்கும் காற்று கையை எதிர்த்துத் தள்ளும். அதற்குத்தான் தலையில் ஒரு சின்ன லீவர். அதைத் தூக்கிவைத்தால் வால்வு திறந்தே இருக்கும், எதிர்ப்பில்லை. சக்கரத்துக்கு வேகம் ஏற்றிக்கொண்டு, சட்டென்று லீவரை விட வேண்டும். சக்கரம் சேர்த்துவைத்த வேகம் முதல் அமுக்கத்தைத் தாண்டிவிடும்.

இன்னொன்று பாக்கி இருந்தது. இந்த எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், அது ஓட்டும் பம்பிலிருந்தே சின்னக் குழாயில் வரும். பம்பில் தண்ணீர் ஏது? ஐம்பது வருஷம் முன்பு ஊருக்கே தண்ணீர் கொடுத்த எஞ்சினுக்காக, விலைக்கு வாங்கிய லாரித் தண்ணீரை ஒரு டிரம்மில் ஊற்றிவைத்தோம்.

ஹேண்டிலைச் சித்தப்பா பிடித்தார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கச் சொன்னார் மெக்கானிக். திருப்பி அடித்தால் கட்டைவிரல் முறியும். மூன்று முறை வெறும் பெருமூச்சு. நான்காவது முறை ஒரே ஒரு 'டுக்', வெள்ளைப் புகை, அதாவது எரியாத டீசல். ஐந்தாவதில் இரண்டு. ஆறாவதில் நடுவே ஒன்று விட்டு, பிறகு விடாமல் பிடித்தது. புகை வெளுத்து, கருத்து, நிறமற்றுப் போயிற்று. நிமிஷத்துக்கு 325 வெடிப்பு. சாளையின் ஓடுகள் அதிர்ந்தன. மெக்கானிக் டாங்கியைத் தட்டி, "வாடா ராசா" என்றார்.

இரும்புக்கு ஏது அடம் என்றவர்தான் இதைச் சொன்னார். இதில் முரண் இருப்பதாக எனக்குப் படவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டுப் பேசுவதும், பார்க்காமல் இருப்பதற்காகப் பேசுவதும் வேறு வேறு. நம் கவிதைகளில் யந்திரத்தோடு பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை.

சத்தம் கேட்டு அப்பத்தா திண்ணையிலிருந்து கேட்டாள்: "தண்ணி வருதா கண்ணு?"

யாரும் பதில் சொல்லவில்லை. பம்புக்குப் பெல்ட்டே மாட்டவில்லை. மாட்டினாலும் பயனில்லை. மேலே இருக்கும் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றுதான் குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. அதனால் 34 அடிக்கு மேல் தள்ள முடியாது. இத்தாலியில் டாரிசெல்லி 1643இல் பாதரசத்தை வைத்து விளக்கியது இதைத்தான். நடைமுறையில் 25 அடி கிடைத்தால் அதிகம். நீர்மட்டம் இறங்க இறங்க, இந்தப் பக்கத்தில் கிணற்றுக்குள்ளேயே திட்டுக் கட்டி எஞ்சினைக் கீழே இறக்கினார்கள். புகை உள்ளே தங்கி ஆட்களைக் கொன்றதும் உண்டு. பிறகு ஆயிரம் அடி ஆழ்குழாய்கள். எங்கள் கிணறு 90 அடி. தண்ணீர், இருக்கும்போது, அதன் காலடியில் இருக்கிறது.

சத்தியமங்கலத்துக்காரர் வந்து பத்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சொன்ன விலையையே தர முன்வந்தார். சித்தப்பா, "ரோசன பண்ணிச் சொல்றனுங்க" என்று அனுப்பிவிட்டார். காரணம் அவர் வாயால் சொல்லவில்லை. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் தூக்கி 1045 குளம் குட்டைகளுக்கு அனுப்ப வேண்டும். தலைமுறைகளாகக் கேட்ட தண்ணீர். எங்கள் குட்டையிலும் கொஞ்சம் வந்து நின்றது. மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவை நான் கொடுத்தேன்.

மாதம் ஒரு முறை நாசில் துளையில் நாலு சொட்டு ஆயில் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிவைக்கும்படி மெக்கானிக் சொல்லிப் போயிருக்கிறார். மாடும் ஆளும் ஓய்ந்திருக்கும் அமாவாசையன்று சித்தப்பா அதைச் செய்கிறார். கிணற்றில் கல் கட்டிய கயிறு விட்டுப் பார்ப்பதும் அன்றைக்குத்தான். போன அமாவாசையில் கயிறு நனைந்தது 71ஆவது அடியில்.