காளிகாட்டிலிருந்து ஒரு கடிதம்

மாப்ளே,

வேலை பழகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். வேலை பழகிவிட்டது. நிதானம்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

காலை ஆறு மணிக்கு, கொல்கத்தா ஏ.ஜே.சி. போஸ் சாலையில் அன்னை தெரசா சபையின் தலைமை இல்லமான மதர் ஹவுஸில் பூசை. முடிந்ததும் எங்களுக்கு ரொட்டி, வாழைப்பழம், டீ. ஸ்பெயின், கொரியா, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ வந்த தன்னார்வலர்கள் அங்கிருந்து அவரவருக்கு ஒதுக்கிய சேவை இல்லத்துக்குப் பிரிந்து போவோம். எனக்கு வாய்த்தது நிர்மல் ஹிருதய். காளி கோயிலை ஒட்டி யாத்ரீகர் சத்திரமாக இருந்த கட்டடத்தில் 1952இல் அன்னை தெரசா தொடங்கியது. தெருவோரம் சாகக் கிடந்தவர்களைத் தூக்கி வந்து பார்த்துக்கொள்வதற்கான இடம்.

முதல் வேலை துணி துவைப்பது. கையால்தான். போர்வை, லுங்கி, நைட்டி எல்லாவற்றையும் அலசி, ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்து, மாடிக்குச் சுமக்க வேண்டும். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியே வயிறு வளர்த்தவன் சும்மா இருப்பேனா? சோப்புக்கு ஒருவர், அலச இருவர், பிழிய இருவர் என்று பனியன் கம்பெனி மாதிரியே லைன் போட்டேன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். துணி சீக்கிரமே முடிந்தது. ஆனால் அதனால் யாருக்கும் ஒரு வாய் சோறு சீக்கிரம் இறங்கிவிடவில்லை.

ஊட்டும் வேலை அப்படி. பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து ஒரு கரண்டி கொடுத்தால், பெரியவர் அதை வாயிலேயே வைத்திருப்பார். அவசரப்பட்டு அடுத்ததை நீட்டினால் புரையேறும். முழுங்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நடுவில் ஏதோ பேசுவார். எனக்கு வங்காளம் பிடிபடாது. தலையாட்டுவேன். அவருக்கு அது போதும். இந்த வேலையில் டார்கெட் வைப்பது அவருடைய தொண்டை.

இதைப் படித்துவிட்டு, மெதுவாக நடப்பதெல்லாம் புண்ணியம் என்று நினைத்துவிடாதே. 1994இல் இங்கே வந்து பார்த்த 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், நோயை முறையாகக் கண்டறிவதில்லை, வலிக்குத் தக்க மருந்தில்லை என்று எழுதினார். அன்பை அவர் குறை சொல்லவில்லை. அன்போடு மருந்தும் வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி, அது நியாயமான கேள்வி. சோறு காத்திருக்கலாம்; வலி காத்திருக்கக் கூடாது. துணியை மெஷின் துவைத்தால்கூட எனக்குச் சம்மதம்தான். மிச்சமாகும் நேரத்தில் கட்டிலோரம் உட்காரலாம்.

கொல்கத்தாவே மெதுவான ஊர் என்பார்கள். அதையும் முழுசாக நம்பாதே. 1873இல் குதிரை இழுக்க ஓடத் தொடங்கிய டிராமை, போக்குவரத்தை அடைக்கிறது என்று சொல்லி, மைதானம்–எஸ்பிளனேடு தடம் தவிர நிறுத்தப் போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. நம் சென்னை 1953லேயே கைகழுவிவிட்டதால், குறை சொல்லும் யோக்கியதை நமக்கில்லை.

வியாழக்கிழமை எங்களுக்கு விடுமுறை. லேக் மார்க்கெட் பக்கம் போய்விடுவேன். தலைமுறையாக அங்கே நம்மவர்கள் இருக்கிறார்கள்; இட்லிக்கும் ஃபில்டர் காபிக்கும் குறைவில்லை.

அம்மாயி படுத்த படுக்கை என்று எழுதியிருந்தாயே, இனி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றுகொண்டே ஊட்டாதே. போனைத் தள்ளி வை. பக்கத்தில் உட்கார்ந்து, தலையணை வைத்துக் கொஞ்சம் நிமிர்த்து. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடு. வலி என்றால் மட்டும் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ.

மற்றவை அடுத்த கடிதத்தில்.