கதிரமலையிலிருந்து கீரிமலைக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுமில்லை. ஆயினும் நம் முன்னோர் கதிரமலை என்றும் கீரிமலை என்றும் ஊர்களுக்குப் பெயரிட்டு மகிழ்ந்தனர். அவ்விரு மலைகளுக்கும் இடையிலுள்ள பழைய வழியைக் காலால் அளந்து பார்க்க விரும்பி, தை மாதத்து ஞாயிறொன்றின் வைகறையில் நாமும் நம் மாணவர் பதினால்வரும் புறப்பட்டோம். வழிகாட்ட வந்தவர் கீரிமலையிற் பிறந்த முதியவர், எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர். மாணவர் அவரை 'அப்பு' என்றே அழைத்தனர்.

கந்தரோடையே பழைய கதிரமலை என்பது, யாழ்ப்பாணத்தின் தொன்மை பற்றி 1926 இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதலியார் இராசநாயகத்தின் கருத்து. அங்கே பனைகளின் நடுவே, கவிழ்த்துவைத்த கிண்ணங்கள் போல, முருகைக்கல்லாலான பௌத்த தூபிகள் சிறியவும் பெரியவுமாய் நிற்கின்றன. முதலாம் உலகப் போர்க் காலத்தில் போல் பீரிஸ் இவற்றை ஆராய்ந்தார். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. உரோம நாணயங்களும் இவ்வூரிற் கிடைத்துள்ளன. தூரதேசத்துப் பொருள் வந்து சேர்ந்த ஊர், இன்று காகம் கரையும் ஒலியன்றி வேறு ஓசையின்றிக் கிடக்கின்றது.

அங்கிருந்து வழுக்கையாற்றின் ஓரமாக வடக்கே நடந்தோம். தெல்லிப்பழைப் பக்கம் தோன்றி, அளவெட்டி, கந்தரோடை வழியாக அராலியிற் கடலேரியைச் சேரும் இந்த ஆறு மாரியில் மட்டுமே ஓடும். பெய்யும் நீரைச் சுண்ணாம்புக்கல் உறிஞ்சிக்கொள்ளும் நாட்டில், இதனையும் ஆறென்றே போற்றினர். வயல் முடிந்ததும் செம்மண் தோட்டங்கள். வெங்காயமும் புகையிலையும் பசுமை காட்டின. அப்பால் ஒழுங்கைகள். இருபுறமும் கிளுவை, பூவரசு. இடையிடையே பனையோலை வேலி.

ஓரிடத்தில் அப்பு நின்று, "பிள்ளையள், இது என்ன சொல்லுங்கோ பாப்பம்" என்றார். தோளுயரத்தில் ஒரு கற்கட்டு. ஒருவரும் அறியவில்லை. தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்ற அமைத்த சுமைதாங்கி அது. கருவுற்றிருக்கும்போதே இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் உண்டென்று விளக்கினோம். சிரித்துக்கொண்டு நின்ற மாணவர் மௌனமாயினர். சிறிது தூரத்தில், மாடுகள் உடல் உரசிக்கொள்ள நாட்டிய ஆவுரஞ்சிக் கல்லும் கண்டோம். மனிதருக்கும் மாட்டுக்கும் வழியிலே இளைப்பாற்றி தேடியவர் நம்மவர்!

மாவிட்டபுரத்தில் கந்தனை வணங்கினோம். குதிரை முகத்தோடு வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்பதும், கதிரமலையிலிருந்து ஆண்ட உக்கிரசிங்கன் அவளை மணந்தான் என்பதும் மரபு. நம் நடையின் தொடக்கத்தையும் முடிவையும் அக்கதை ஒன்றாக இணைத்துவிடுகின்றது.

கீரிமலை நெருங்கியபோது அப்பு தடுமாறினார். பற்றைகளின் முன்னே நின்று இடமும் வலமும் பார்த்தார். 1990 இல் ஊரே இடம்பெயர்ந்தது. அவ்வாண்டே நகுலேசுவரமும் வான்குண்டுகளாற் சேதமுற்றது. போர் 2009 இல் முடிந்தபின் காணிகள் படிப்படியாகவே விடுவிக்கப்பட்டன. "இதாலை எங்கடை ஒழுங்கை போனது. வேலி போச்சு, ஒழுங்கையும் போச்சு" என்றார். இரண்டு வேலிகளுக்கு நடுவே விட்ட வெளியே ஒழுங்கை. ஆட்கள் போனால் வேலி அழியும், வேலி அழிந்தால் வழி அழியும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

பற்றையை விலக்கிச் சென்ற மாணவர் இருவர், "அப்பு, இஞ்சை ஒரு கிணறு!" என்று கூவினர். துலா இல்லை, கட்டும் உடைந்திருந்தது. முதியவர் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார். "தண்ணி கிடக்கு" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. பின்னர் தாமே கோலெடுத்து மணலிற் கீறி, எந்த வளவு யாருடையது, எந்தத் திருப்பத்தில் எந்த மரம் நின்றது என்று ஒவ்வொன்றாகக் கூற, மாணவர் கொப்பிகளில் வரைந்துகொண்டனர். அதற்கு ஒரு மணி நேரம் சென்றது.

ஏறத்தாழ 50 அடி உயர்ந்த மேட்டைத்தான் மலையென்கிறோம். அதன் அடியில், கடலை ஒட்டிய கேணியில் நன்னீர் ஊறுகின்றது. சுவருக்கு அப்பால் உப்பலை, இப்பால் இனியநீர். அப்பு முதலில் இறங்கி மூழ்கினார், நாமும் இறங்கினோம்.

வாசகர்காள்! உங்கள் ஊரிலும் இத்தகைய ஒழுங்கையொன்று இருக்கும். அதன் பெயரறிந்த முதியவர் ஒருவரும் இருப்பார். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அவரோடு நடக்க விடுங்கள். கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிட மறவாதீர்கள்.