வாளி

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. எனக்கு ஒன்பது வயது, தாயில்லாப் பிள்ளை. கொழும்பு வெள்ளவத்தையில் வீடு. கடையைப் பார்த்துவிட்டு வாறன் என்று போன அப்பா திரும்பவேயில்லை. கலவரக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். பின்மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள ஆச்சி என்னைத் தூக்கித் தன் முற்றத்தில் இறக்கினார்.

ஈரத்துணியால் என் பொட்டை அழித்தார். பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்து வட்டமாய்த் தெரிந்தது. கரியை எண்ணெயில் குழைத்து அதன்மேல் தேய்த்தார். தோட்டைக் கழற்றினார். இனி என் பெயர் குமாரி என்றார். பிறகு ஒரு தகர வாளியைக் கொண்டுவந்து வைத்தார். வீதியில் மறிப்பவர்கள் வாளியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்கள். சிங்களத்தில் 'பால்திய'. தமிழர் வாயில் 'வால்திய' என்று வரும், பிடித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆச்சி என் இரண்டு உதட்டையும் விரலால் சேர்த்து அழுத்தினார். "துவே (மகளே), ஒட்டு, திற." விறகு அறையின் இருட்டில், தேங்காய் மட்டைகளுக்கு நடுவே, ஐந்து நாள் சத்தமில்லாமல் ஒட்டித் திறந்துகொண்டிருந்தேன். வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றதும் அதே நாட்களில்தான். எனக்கு அதெல்லாம் பின்னால்தான் தெரியும்.

அதன்பின் ரத்மலானை முகாம், 'லங்கா கல்யாணி' கப்பல், காங்கேசன்துறை, மன்னாரில் மாமா வீடு. 1990இல் படகேறி ராமேஸ்வரம். மண்டபம் முகாமிலிருந்து கும்மிடிப்பூண்டி முகாமுக்கு அனுப்பினார்கள்.

ஐரோப்பாவில் வேறு பெயரோடு ஒளிந்து வளர்ந்த யூதப் பிள்ளைகளின் கதையை முகாமில் ஒருமுறை படித்தேன். புதுப் பெயரை ஒரு பிள்ளை மனப்பாடம் செய்யும் இடத்தைத் தாண்ட முடியவில்லை. எத்தனை ஆச்சிகள் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். என் ஆச்சியும் பிடிபட்டிருந்தால் அவர் வீடும் எரிந்திருக்கும். அது தெரிந்தேதான் என்னைத் தூக்கினார்.

முகாமில் விற்க மீன், இறால் எடுக்கப் பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போவேன். இருளர் பெண்கள் தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கவ்வியிருப்பதால் பேச்சே இருக்காது. கரையேறிய பிறகுதான் சிரிப்பும் கூச்சலும். ஒருநாள் அவர்களோடு வந்த சிறுமி, நெற்றியில் ஈரம் சொட்ட, "யக்கா, அந்த வாளிய இப்படித் தள்ளேன்" என்றாள்.

தள்ளினேன். என் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.