டிக்கியில் இடம்

இந்தப் பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரன், மரப்பெட்டியில் அடைத்த பத்து அங்குல சப்வூஃபர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பூவத்தில் எங்கள் வாசலில் நிற்கும் பழைய காருக்கு அவன் பரிசு. "டிக்கியில வச்சா பிரமாதமா இருக்கும் தாத்தா" என்றான்.

டிக்கியில் ஏற்கெனவே ஒரு குடித்தனம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளுடைய சக்கர நாற்காலி அங்கேதான். மடித்தாலும் முக்கால்வாசி இடம் அதற்கே போய்விடும்.

"நாற்காலியைப் பின் சீட்டுல போட்டுக்கலாமே?"

பின் கதவு வழியாக அதை நுழைத்து எடுக்க எழுபத்து மூன்று வயசுக்காரன் ஒருவனால் ஆகாது. அதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று நாற்காலியை இறக்கிவிட்டுப் பெட்டியை வைத்தோம்.

முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் சும்மா இருப்பேனா? நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல் வரும். எங்கள் கார் மாதிரி இரண்டு காரின் நீளம். அத்தனை நீள அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. ஆனால் பெட்டி நிற்கும் இடத்தையும் பார்க்கும் திசையையும் பொறுத்துப் பலம் மாறும். சீட்டைப் பார்த்து வைத்தபோது சுமார்தான். பின்பக்கம் திருப்பியதும் அதிர்வு கனத்தது. நம்பர் பிளேட்டும் கடகடவென்று சேர்ந்துகொண்டது.

ஒரு நாகஸ்வரக் கச்சேரியைப் போட்டான். மேல் ஸ்தாயி எனக்கு மங்கி வெகு நாளாயிற்று. ஆனால் தவிலின் தொப்பியில் குச்சி விழுந்ததே, அது முதுகில் வந்து விழுந்தது. சின்ன வயசில் கோயில் வாசலில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்று கேட்ட அதே அடி. உண்மையைச் சொன்னால், அரை நாள் நானும் பேரன் கட்சிக்குப் போய்விட்டேன்.

திண்ணையோரம் நாற்காலியில் இருந்தவள் சொன்னாள்: "திருநள்ளாறுக்கு நான் வரலை. நீங்க ரெண்டு பேரும் பாட்டு கேட்டுக்கிட்டே போய்ட்டு வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் காரைக்கால் கடை ஒன்றில் முன் சீட்டுக்கு அடியில் நுழைகிற தட்டையான சப்வூஃபர் வாங்கினோம், ஆம்ப்ளிஃபயரும் அதற்குள்ளேயே. சீட் முன்னும் பின்னும் நகரும்போது தட்டுகிறதா, வயர் மாட்டுகிறதா என்று மெக்கானிக் பலமுறை பார்த்தார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டார். பெரிய பெட்டியின் ஆழம் இதில் இல்லைதான். தொப்பி இப்போது முதுகுவரை வருவதில்லை, இடுப்போடு நின்றுவிடுகிறது.

பேரன் பெட்டியோடு ஊர் திரும்பினான். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

போன வாரம் நண்டலாற்றுப் பாலம் தாண்டித் தரங்கம்பாடிக்குப் போனோம். அவள் முன் சீட்டில். "அடியில பூனை உறுமுற மாதிரி இருக்கு" என்றாள். நிறுத்தவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். கொஞ்சம் குறைச்சு வைங்க."